சால்மனுக்குப் புல் வெட்டிய கதை

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசகர் தாமாகக் கண்டுபிடித்து அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போவதை நான் விரும்பவில்லை.

சால்மன் மீனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் வலுவானது. ஒஸ்லோவின் ஓரத்தில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் எனக்கு வேலை. மேற்குக் கடலோரத்துக் கூடுகளில் வளர்த்த சால்மன் வெள்ளைப் பெட்டிகளில் வந்து இறங்கும். அவற்றை ஒரு லொறியிலிருந்து இறக்கி இன்னொரு லொறியில் ஏற்றுவேன். ஆகவே சால்மன் பெட்டியின் வெளிப்பக்கத்தைப் பற்றி இந்த நாட்டில் என்னளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. உள்ளே இருப்பதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு தகுதியும் இருந்தது. நோர்வேக்காரர் மீன் தலையை எறிந்துவிடுவார்கள். நாங்கள் சனிக்கிழமைகளில் கடைக்குப் போய் அதை மானத்தோடு கேட்டு வாங்கி வருவோம். கடைக்காரப் பெண் ஒருநாள், உங்கள் வீட்டில் எத்தனை பூனைகள் என்று கேட்டாள். நான்கு என்றேன். மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அதே களஞ்சியத்தில் என்னோடு சாமி இனத்தவன் ஒருவன் வேலை செய்தான். நோர்வேயின் வடக்கில், ராஜாவும் எல்லைக்கோடும் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற பூர்வகுடிகள் அவர்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு தமிழனுக்கு வரக்கூடிய பக்தியை முதல் வாரத்திலேயே செலவழித்து முடித்துவிட்டேன். அவன் வரம் எதுவும் தரவில்லை. இடைவேளையில் கோப்பி மட்டும் தந்தான். நாங்கள் கதைத்தது நோர்வேஜிய மொழியில். அதை எனக்குப் பழக்கமான தமிழில் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் தோளைக் குலுக்குவான்.

சாப்பாட்டு அறையில் சால்மன் பரிமாறும் நாட்களில் அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ரொட்டியைக் கடிப்பான்.

"என்னடாப்பா, இண்டைக்கு விரதமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. மீன் இருந்தாச் சாப்பிடுவன்."

"இது என்ன, கத்தரிக்காயோ?"

"இது கூட்டுக்குள்ள தீன் போட்டு ஊதவைச்சது. மீன் எண்டா ஆத்துக்கு வாறது."

அவனுடைய ஆறு வடக்கே பின்லாந்து எல்லையோடு ஓடும் தானா ஆறு. கடலில் வளர்ந்த காட்டுச் சால்மன் முட்டையிடுவதற்குத் தான் பிறந்த அந்த ஆற்றையே தேடி வரும். அவனுடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் ஆற்றில் ஒரே இடத்தில் மரக் கம்பு நட்டு, தழையால் வேலி கட்டி, வேலியின் முனையில் வலை வைத்துப் பிடித்தவர்கள். அவர்களுக்குப் பிறகு அந்த இடம் அவனுடைய அக்காவிடம் இருந்தது. இவன் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டதால் இவனுக்கு வலை போடும் உரிமை கிடையாது. ஊருக்குப் போனால் வெளியூர்க்காரர்களைப் போலத் தூண்டிலோடு நிற்கலாம்.

மீன் குறைந்துகொண்டிருந்த காலம் அது. ஏன் குறைகிறது என்பதில் ஒஸ்லோவில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. எங்கள் மேற்பார்வையாளர் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, "அங்கை வலை போட்டே முடிச்சுப்போட்டாங்கள்" என்பார். வலை எத்தனையோ தலைமுறையாக ஆற்றில் இருந்தது, மீனும் இருந்தது. கூடுகள் கடலுக்கு வந்தது நேற்று. கூட்டிலிருந்து, மீனின் உடம்பில் ஒட்டித் தின்னும் கடல் பேன் பரவுகிறது, மீன் தப்பி ஓடி ஆறுகளுக்குள் புகுந்து காட்டு மீனோடு கலக்கிறது என்று அதே பத்திரிகையின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். ஆனால் கூட்டுக்குப் பின்னால் ஒரு முதலாளி இருக்கிறார். வலைக்குப் பின்னால் ஓர் அக்காதான் இருக்கிறார். குற்றம் சாட்டுவதற்கு அக்கா வசதி. அதனால் வலை போடக்கூடிய நாட்களைத்தான் ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். நானும் பக்கத்தில் நின்று கூட்டுமீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே, அடப்பாவமே என்று தலையாட்டுவேன். சம்பளம் வாங்கிக்கொண்டு இரக்கப்படுவது ஒரு தனிச் சுகம்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஒரு கோடைக்கு முன்னால் அவன் கேட்டான்.

"லீவுக்கு எங்கட ஊருக்கு வாறியா? அக்காவுக்கு இடுப்பில ஒப்பரேஷன். கைக்கு ஆள் வேணும்."

கைக்கு ஆள் என்றால் மீன் பிடிக்க என்று நான் விளங்கிக்கொண்டேன். ஆற்றங்கரையில் வேறு என்ன வேலை இருக்கப்போகிறது? அவனிடம் கேட்டுத் தெளிந்திருக்கலாம். கேட்டுத் தெளிவது என் குடும்பத்தில் எவருக்கும் இல்லாத பழக்கம்.

அந்த நேரம் பார்த்து என் மனைவியின் தம்பி ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் வீடு வாங்கியிருந்தான். குடிபூரல் மரக்கறியோடு முடிந்துவிட்டது. மச்ச விருந்துக்கு ஒரு ஞாயிறு குறித்திருந்தார்கள். சபையில் நான் எழுந்து, "லக்ஸ் என்ர பொறுப்பு. கடை லக்ஸ் இல்லை, காட்டு லக்ஸ். நானே வலை போட்டுப் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்று அறிவித்தேன். லக்ஸ் என்பது நோர்வேத் தமிழர் வாயில் சால்மனுக்குப் பெயர்.

மனைவி குசினிக்குள்ளிருந்து, "இஞ்சாருங்கோ, குளிக்கிற தொட்டியிலயே நீங்கள் வழுக்கி விழுறனீங்கள்" என்றாள். வீரனை வாழ்த்தி வழியனுப்பும் முறை எங்கள் வீட்டில் இது.

மீனைக் குளிராக வைக்கிற பெரிய ரெஜிபோம் நுரைப் பெட்டி, மிளகாய்த்தூள், பழப்புளி, வெந்தயம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு விமானத்தில் வடக்கே போனேன். அக்கா வாசலில் கைத்தடியோடு நின்றார். ஐம்பதைத் தாண்டிய, அகன்ற தோள்கள் கொண்ட பெண். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

"மீனுக்கு."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஆற்றைப் பார்த்தான். பிறகு அவர் கொட்டிலுக்குள் போய், என் உயரத்துக்கு ஒரு கைப்பிடியும் அதன் முனையில் வளைந்த அலகும் உள்ள ஓர் அரிவாளைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. அந்த ஆற்றின் பழைய சட்டப்படி வலை போடும் உரிமை வலை வைத்திருப்பவருக்கு இல்லை; தோணி வைத்திருப்பவருக்கும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருந்து, தன் நிலத்தில் புல் வெட்டிக் காயவைத்து, சட்டம் சொல்லும் நிறைக்குக் காய்ந்த புல் எடுப்பவருக்கு. மீன் இருப்பது தண்ணீரில். உரிமை இருப்பது புல்லில். இந்தச் சட்டத்தை எழுதிய கனவான் மாட்டையும் மீனையும் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, ஒரே தட்டில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"இந்த முறை அந்த நிறைக்குப் புல்லுக் காணாட்டி?" என்று கேட்டேன்.

"வலை போச்சு" என்றார் அக்கா. "அப்பாட இடமும் போச்சு."

அயலவர் ஒருவரின் இயந்திரம் மட்டமான நிலத்தை வெட்டிக் கொடுத்திருந்தது. சரிவிலும் கரையோரத்திலும் இயந்திரம் ஏறாது. மற்ற வருடங்களில் அந்தப் பகுதியை அக்காவே கையால் வெட்டுவார். இந்த வருடம் இடுப்பு விடவில்லை. அதற்காகத்தான் தம்பியும், பெட்டியோடு வந்த விருந்தாளியும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஆடு இருந்தது. அதற்குக் குழை ஒடித்துப் போட்ட அனுபவத்தை வைத்துக்கொண்டு அரிவாளை வீசினேன். முதல் வீச்சில் அலகு மண்ணுக்குள் போனது. இரண்டாவதில் என் சப்பாத்தின் நுனியைச் சீவியது. அதற்குப் பிறகு நான் எங்கே நின்று வெட்டினாலும் எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு வீடு கட்டுகிற அளவு இடம் இருந்தது. நுளம்பு வேறு. யாழ்ப்பாண நுளம்பு காதில் பாடிவிட்டுக் கடிக்கும். இவை நேரே விஷயத்துக்கு வந்தன. வெட்டிய புல்லை, கம்புகளுக்கு இடையில் கட்டிய கம்பிகளில், துணி காயப்போடுவதுபோல நிரைநிரையாகப் போடவேண்டும். அக்கா கதிரையில் இருந்தபடி, "இறுக்கிப் போடாதை. காத்துப் போகோணும்" என்பார். ஆறு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்க நேரம் இல்லை. எதிர்க்கரையில் பணம் கட்டி அனுமதி வாங்கிய உல்லாசப் பயணிகள் தூண்டிலோடு நின்று எங்களைப் படம் பிடித்தார்கள். அவர்களிடம் யாரும் புல் கேட்கவில்லை.

வார நடுவில், வலை உரிமையைப் பதிகிற அலுவலகத்து ஆள் வந்தார். எல்லா வீட்டுக்கும் வருவதில்லையாம். அக்காவுக்கு இடுப்பு ஒப்பரேஷன் என்று கேள்விப்பட்டு, நிலத்தில் வேலை உண்மையாகவே நடக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். இளைஞர், மரியாதையானவர், காலில் புது ரப்பர் சப்பாத்து. தம்பி கடைக்குப் போயிருந்தான். அக்கா வீட்டுக்குள் இருந்தார். வெளியே நின்றது நான் ஒருவன்தான்.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பயிற்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் அகதியாக வந்தவர்கள். அதிகாரி என்றால் முன்னால் இருந்து கதை சொல்லி, நம்பவைத்து, முத்திரை வாங்கவேண்டிய ஒருவர். கதையில் துன்பம் கூடக்கூடக் கேஸ் பலமாகும். நடக்க முடிந்தால் நடக்க முடியாது என்று சொல்லவேண்டும். நடக்க முடியாதென்றால் படுக்கையில் என்று சொல்லவேண்டும். இந்தக் கலையில் நான் பல பேருக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்து பெயர் எடுத்தவன். ஒரு தலையிடியை நான் மொழிபெயர்த்தால் அது மூளைக் காய்ச்சலாகத்தான் மறுபக்கம் போய்ச் சேரும்.

அந்த ஆள் சும்மா ஊர்ப்பேச்சாகத்தான் கேட்டார். "புல்லு வேலை எப்பிடிப் போகுது?"

போதும். எனக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளன் எழுந்து நின்றான். முகத்தைத் தொங்கவிட்டேன்.

"ஐயா, என்னத்தைச் சொல்ல? அந்த மனுசி பாவம். எழும்பி நிக்கேலாது. தடியில்லாமல் ஒரு அடி வைக்கேலாது. அரிவாளைத் தொட்டே பார்க்கேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் ஒஸ்லோவில இருந்து வராட்டி இஞ்சை ஒரு புல்லும் அசைஞ்சிராது. இனி அவவால இந்த நிலத்தைப் பார்க்கேலுமோ தெரியாது. நீங்கள்தான் பார்த்து ஏதும் செய்யவேணும்."

சொல்லி முடித்து, கண்ணோரத்தில் கொஞ்சம் ஈரம்கூட வரவழைத்தேன். அவர் இரங்கி, பாவம், இந்த அம்மாவுக்கு ஆயுள் முழுக்க வலை உரிமை கொடுத்துவிடுவோம் என்று சொல்வார் என்பது என் கணக்கு.

அவர் இரங்கத்தான் செய்தார். தன் கைப்பையைத் திறந்துகொண்டே, "அப்ப, இஞ்சை குடியிருக்கிற ஆள் நிலத்தை நடத்தேல்லை எண்டு சொல்லுறீங்கள்" என்றார்.

முன்னைய அகதி விசாரணைகளில் இல்லாத ஒரு வழக்கம் இங்கே இருந்தது. அங்கே ஏலாதவனுக்கு உரிமை. இங்கே ஏலுமானவருக்குத்தான் உரிமை. நான் அக்காவுக்காக ஓர் அருமையான கேஸ் கட்டி, அதை நேரே எதிர்க்கட்சி வக்கீலிடம் ஒப்படைத்திருந்தேன்.

கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தார். யன்னல் திறந்துதான் இருந்திருக்கிறது. கைத்தடியைச் சுவரில் சாத்திவைத்தார். என்னைக் கடந்து வந்து என் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கினார். சரிவில் நான் மீசை மழித்ததுபோல் அங்கங்கே விட்டுவைத்திருந்த இடத்துக்குப் போய், கால்களை அகட்டி நின்று, வெட்டத் தொடங்கினார். புல் ஒரே திசையில், ஒரே உயரத்தில் சாய்ந்தது. சத்தமே இல்லை. நான் வெட்டும்போது மரம் முறிவதுபோல் கேட்கும். அவர் சரிவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனார். திரும்பி வரும்போது அவருடைய மேலுதடு வெளுத்துப்போயிருந்தது. இடது காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. அலுவலகத்து ஆளுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவர் தன் புதுச் சப்பாத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேறை ஏதும் பாக்கோணுமா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லை. காய்ஞ்ச புல்லு எவ்வளவு எண்டு பார்த்திட்டுப் போறன். முடிவு பிறகு வரும்."

கம்பி நிரைகளைச் சுற்றி நடந்தார், கையால் அமத்திப் பார்த்தார், அக்காவிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார், போய்விட்டார். அக்கா அரிவாளைத் துடைத்துக் கொட்டிலில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்தார். அடுத்த நாள் மத்தியானம் வரை எழும்பவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. கடையிலிருந்து திரும்பிய தம்பி எல்லாவற்றையும் கேட்டு, என் தோளில் தட்டி, "நீ மொழிபெயர்த்த ஆக்கள் எத்தினை பேருக்கு விசா கிடைச்சது?" என்றான். மிச்சச் சரிவு முழுவதையும் வாய் திறக்காமல் வெட்டினேன். தண்டனை எனக்கல்ல, புல்லுக்குத்தான் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

வலைக்கு அனுமதி உள்ள கடைசி நாள் வந்தது. அக்கா தடியோடு தோணியில் ஏறினார். என்னையும் ஏறச் சொன்னார், பாரத்துக்கு. நீளமான ஒடுங்கிய தோணி. தம்பி பின்னாலிருந்து செலுத்தினான். தழைவேலியின் முனைக்குப் போய் வலையைத் தூக்கியபோது உள்ளே ஒரே ஒரு மீன். பெரியது. வெள்ளிபோல் மினுங்கியது. நான் எழுந்து நின்று கைதட்டப் பார்த்தேன். தோணி ஆடியது. தம்பி என் காற்சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினான்.

அக்கா மீனைப் புரட்டினார். வாலைத் தடவினார். வயிற்றுச் செட்டையை விரித்துப் பார்த்தார். அது தேய்ந்து, ஓரம் சுருண்டு கிடந்தது.

"கூட்டு மீன்" என்றார். "எங்கையோ கடல்ல வலை கிழிஞ்சு தப்பி வந்தது. சிமெந்துத் தரையில நடந்தவன்ர சப்பாத்து மாதிரித் தேய்ஞ்சிருக்கு, பார்."

தப்பி வந்தது, தன் ஊர் இல்லாத ஊருக்குள் புகுந்தது, செட்டையையும் செதிலையும் வைத்து ஆள் யாரென்று தீர்மானிக்கப்படுகிறது. எனக்கு அந்த மீனோடு நெருங்கிய சொந்தம்போல் இருந்தது. அக்கா அதன் செதிலில் கொஞ்சம் சுரண்டி, ஆராய்ச்சிக்காரர் கொடுத்துவைத்திருந்த உறைக்குள் போட்டார். எங்களுக்கும் அகதியாக வந்த நாளில் கைரேகை எடுத்தார்கள்.

"நீ கொண்டு போ" என்று மீனை என் பக்கம் தள்ளினார். "நாங்கள் தின்னமாட்டம். உன்ர பெட்டியும் சும்மா கிடக்கு."

இப்படியாக, வாரம் ஐந்து நாளும் என் கையால் ஏற்றி இறக்குகிற அதே மீனை, நாட்டின் வடக்கு முனை வரை போய், ஒரு வாரம் புல் வெட்டி, விமானத்தில் ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்தேன்.

விருந்தில் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மனைவி பழப்புளி விட்டு வெந்தயம் தாளித்து வைத்த குழம்பைப் பார்த்ததும் சபை தட்டுகளோடு முந்திக்கொண்டது. பக்கத்து நகரமான திராமனிலிருந்து வந்திருந்த ஓர் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, "ஓம், இதுதான் லக்ஸ். நாங்கள் கடையில வாங்கிறது வெறும் கொழுப்பு" என்றார். மச்சானின் பக்கத்து வீட்டில் இருந்த தமிழ்நாட்டுக் கணினிக்காரர், "ஃபார்ம் ஃபிஷ்ல இந்த டேஸ்ட் வரவே வராது சார். ஒரு வாய் வச்சதுமே தெரியுது பாருங்க" என்றார். நான் பணிவோடு தலை குனிந்தேன். சபை அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

இரவு பாத்திரம் கழுவும்போது மனைவி, "செட்டையைப் பார்த்தனான். கடை மீன்தானே?" என்று கேட்டாள்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"வருசக்கணக்கா வெட்டுறது நானப்பா. நீங்கள் பெட்டியைத்தானே பார்க்கிறனீங்கள்."

அந்த இலையுதிர் காலம் முழுக்கக் களஞ்சியத்தில் அவனிடம், முடிவு வந்ததா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவனும் தானாகச் சொல்லவில்லை. கோப்பி மட்டும் வழமைபோல் தந்தான். நான் பெட்டிகளை ஏற்றினேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அக்காவின் இடுப்பு வலிப்பதாக எனக்குத் தோன்றத் தொடங்கியது. வேலை வேகம் குறைந்துவிட்டது என்று மேற்பார்வையாளர் சொன்னார். புல் வெட்டிய களைப்பு என்றேன்.

முதல் பனி விழுந்த கிழமை, மத்தியான இடைவேளையில், அவன் அக்காவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தான். அவர்களுடைய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. சிரிப்புக் கேட்டது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"முடிவு வந்திட்டுதாம். புல்லு நிறைக்குக் காணுமாம். வலை அக்காட்டயே இருக்கு."

நான் மிச்சக் கோப்பியை ஒரே மிடறில் குடித்து முடித்தேன்.

"அந்த ஆள் போகேக்க அக்காட்ட ஒண்டு கேட்டவராம்" என்றான். "வெளியில நிண்ட அந்த மனுசனுக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு."

"அக்கா என்ன சொன்னவ?"

"ஓம் எண்டு சொன்னவவாம். அதோட உன்ர கதையை விட்டிட்டாராம்."

நான் தொலைபேசியை அவன் கையிலிருந்து வாங்கினேன். நன்றி சொல்ல நினைத்தேன், மன்னிப்புக் கேட்க நினைத்தேன், ஒரு சின்னப் பிரசங்கமே தொண்டை வரை வந்து நின்றது. ஆனால் உரிமை நிலைத்துவிட்ட சந்தோசத்தில் நாக்கு தன் பழைய வழிக்கே போய்விட்டது.

"அக்கா, அப்ப வாற வருசம் வலை போடுற நாளுக்கு நான் வரட்டா? இந்த முறை ஒரு உண்மையான லக்ஸ் கொண்டு போகோணும். ரெண்டு பெட்டி கொண்டு வாறன்."

மறுமுனையில் அக்கா உடனேயே சொன்னார்.

"புல்லு வெட்ட வா, வாயை ஒஸ்லோவில விட்டிட்டு வா."